தந்தியில் வந்த வார்த்தை

786
கூத்தாநல்லூர்,
14.8.1981

அன்பு மச்சானுக்கு, உங்கள் கமருன்னிஸா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் இருக்கிறீர்கள் என்று செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை உங்கள் தந்தி வந்தது. மளிகைக்கடை மூஸா அண்ணனிடம் படிக்கக் கொடுத்தோம். உங்கள் பெயரைப் படித்தார். காம்பென்சேஷன் என்று படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். மூன்று மாதம் முன்பு பக்கத்து வீட்டு ஜன்னத் பீவிக்கு வந்த தந்தியிலும் அந்த வார்த்தைதான் இருந்தது. அவள் புருஷன் மீரா சாகிப், குவைத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தானதற்கு நஷ்டஈடு தருவதாக வந்த தந்தி. புருஷன் மௌத்துக்காக இத்தா இருக்கிறவள் வெளியே வர முடியாமல், "அல்லாவே, கமருக்குமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். தெருவே கூடிவிட்டது.

உங்கள் உம்மா அழுதுகொண்டே நிக்காஹ்வில் நீங்கள் கட்டிய என் கருகமணியைப் பிடித்துக் கழற்றினார்கள். நூல் அறுந்து மணியெல்லாம் சிதறியது. நான் தடுக்கவில்லை. இரண்டு மாதமாகக் கடிதமே இல்லை, என்ன சொல்லித் தடுப்பேன்?

பஞ்சாபகேசன் சார் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்தார். "ஒண்ணும் ஆகலைம்மா. வெளிநாட்டு ஆட்களுக்குச் சம்பளம், சலுகை எப்படிக் கொடுக்கறதுன்னு பஹ்ரைன்ல கருத்தரங்காம். கம்பெனி இவரை அனுப்பறது. சம்பளம், சலுகைக்கும் இங்கிலீஷ்ல காம்பென்சேஷன்னுதான் பேரு" என்றார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய் நஷ்டஈட்டுக் காகிதம் வந்ததிலிருந்து அந்த வார்த்தை தனக்கும் ஆகாது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, இப்போதும் இருக்கிறது. தந்தி கொடுக்கத் தெரிந்தவருக்கு நாலு வரி எழுத நேரமில்லையா?

ஜன்னத் பீவி ஒன்று கேட்கச் சொன்னாள். மீரா சாகிப் காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி அவர் கம்பெனி நஷ்டஈடு தரவில்லை, அதற்குப் பிறகு பதிலும் போடவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு யார் பொறுப்பு என்று அந்தக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டுமாம். உங்கள் வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்குப் பயம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மணிகளைப் பொறுக்கிக் கோத்து வைத்திருக்கிறேன். உம்மா தினமும் போட்டுக்கொள்ளச் சொல்லி அழுகிறார்கள். நான் போடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் லீவு கேளுங்கள். அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து, உங்கள் கையால் கட்டிவிடுங்கள்.

வெறுங்கழுத்தோடு காத்திருக்கும்,
கமருன்னிஸா