இரண்டு அர்த்தம் உள்ள சொல்

மச்சான்,

மழையில் நனைந்த பந்துகளை வலையில் கட்டி, இன்று காலை மைதானத்து வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரப் பந்தும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், எங்கே நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. பனிக்குள் யாரோ இடது தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடினார்கள். நீதான் என்று நினைத்துவிட்டேன். நீ இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா முந்தாநாள்தான் ஓதி முடித்தார்கள்.

செங்கல்பட்டில் ஆடிய அந்த இறுதி ஆட்டம் எனக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம் வருகிறது. கூட்டம் வாயசைக்கிறது, சத்தம் கேட்கவில்லை. பந்து மெதுவாக, மிக மெதுவாக இறங்குகிறது. நான் கோல்கீப்பர்; நீ எனக்கு முன்னால் தடுப்பாட்டக்காரன். என் கைக்கு வருகிற பந்து அது. "வுடு!" என்று கத்தினேன். எனக்கு விட்டுவிடு என்று அர்த்தம். நம் ஊரில் அதே சொல்லுக்கு ஓங்கி ஒன்று கொடு என்றும் அர்த்தம் உண்டே! நீ கொடுத்தாய். பந்து என் காதை உரசிக்கொண்டு நம் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. தோற்றோம்.

எல்லாரும் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்குடா அடிச்சான் இவன்? நீ எதுனா கொரல் குட்தியா?"

"நான் வாயவே தொறக்கல அண்ணாத்த."

நீ நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாய். பிறகு பூட்ஸைக் கழற்றக் குனிந்துவிட்டாய். பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியும் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு உன்னை யாரும் ஆடக் கூப்பிடவே இல்லை. பல வருஷம் கழித்து மேனேஜராகத் திரும்பி வந்தாய். தொப்பை விழுந்த பிறகுதான் உனக்கு யோகம் அடித்தது என்று கிண்டல் பண்ணுவேனே, அது உண்மைதான். கடைசி டிவிஷனில் கிடந்த நம் அணியை மேலே ஏற்றினாய். வெளி மாநிலக் கிளப்புகள் உன்னைக் கொத்திக்கொண்டு போயின. எங்கே போனாலும் முதல் நாள் பந்தையே தொடமாட்டாயாம். அந்த ஊர் பாஷையில் இரண்டு அர்த்தம் வருகிற சொற்களை ஆட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தடை போடுவாயாம். இங்கே வந்தால் "வுடு"வுக்குத்தான் முதல் தடை. "பந்து உன்னுதுன்னா 'என்து'ன்னு கத்து. அத்தோட வாய மூடு" என்பாய்.

கடைசியில் நம் அணிக்கே திரும்பி வந்து, கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க நீ என்னைக் கூப்பிட்டபோது பயந்துகொண்டேதான் வந்தேன். எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம்! என்றைக்காவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானும் கோழை மாதிரி வேறு பேச்சு பேசிக்கொண்டிருந்தேன்.

இன்று பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்தேன். அன்றைக்கு "வுடு" என்று கத்தியது நான்தான் என்று சொன்னேன். இப்போதைய கேப்டன் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்த, இது தெரியாதா? மேனேஜரு எப்பவோ சொல்லிகீறாரு. 'கீப்பரு கரீட்டாத்தான் கத்துனான், நான்தான் தப்பா புரிஞ்சிகினேன்'னாரு."

அவர்கள் போன பிறகும் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் கத்தியதை நீயே நல்லவிதமாகச் சொல்லிவிட்டாய். கத்தவில்லை என்று நான் சாதித்ததை மட்டும் ஒருவரிடமும் சொல்லாமல் உன்னோடு கொண்டுபோய்விட்டாய். அது பொய் என்று தெரிந்தவன் இனி நான் ஒருத்தன்தான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது: நான் பொய் சொன்னேன், மச்சான்.