ஊருக்கு நடு எது என்று கேட்டவளுக்கு

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊரை வைத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, புனேவுக்கு வெளியே ராவேத்தில், இன்னும் கட்டி முடியாத ஓர் அடுக்குமாடி வளாகத்தின் விற்பனை அலுவலகத்தில். தீப்பெட்டி அளவில் கட்டடங்கள், பச்சைப் பஞ்சில் மரங்கள், நகத்தளவு கார்கள். புதுப் பெயின்ட் வாசனையில் எனக்குத் தலை வலித்தது. டை கட்டிய விற்பனையாளர் லேசர் விளக்கை எடுத்து, நடுவிலிருந்த சதுரத்தின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்றை நிறுத்தினார். "மேடம், யஹீ ஹை அஸ்லி டவுன்டவுன். புரானா புனே புலா தீஜியே." பழைய புனேவை மறந்துவிட வேண்டுமாம். நிஜமான டவுன் இனி இதுதானாம். என் கணவர் தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பக்கத்தில் நின்றிருந்தால், "அண்ணே, இம்புட்டு கட்டிருக்கீக, இதுல சும்மா உக்கார எங்கிட்டு இடம் விட்டிருக்கீக?" என்று கேட்டிருப்பாய். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. சிரிப்பு வேறு ஒன்றாக மாறுவதற்குள் வெளியே வந்து, மண் லாரிகளின் புழுதியில் நின்றேன். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது புனேயின் ஓரத்தில், வாகடில், நம் குடியிருப்பின் லிஃப்டில். போனில் யாரையோ மதுரைத் தமிழில் வைதுகொண்டே ஏறினாய். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் புரியாது என்ற தைரியம். எனக்குப் புரிந்ததை என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. "அய்யய்யோ, நீங்க நம்மாளா?" என்றாய். நம்மாள்தான், ஆனால் இங்கேயே பக்கத்திலிருக்கும் தேஹு ரோடு நம்மாள் என்றேன். வேலூர்க்காரரான அப்பா அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்தார். நான் பிறந்தது, படித்தது, திருமணமாகும்வரை இருந்தது எல்லாம் அங்கேதான். என் தமிழில் பாதி ஹிந்தி, மீதி வேலூர் என்று நீ கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதன்பிறகு எனக்கு நீ வைத்த பெயர் 'தேஹு ரோடு'.

நீ ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்கு வந்தவள். பன்னிரண்டாவது மாடியில் தனியாக இருந்தாய். வந்த புதிதில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "டவுனுக்கு எப்படிப் போகணும்?" என்பதுதான்.

"எந்த டவுனுக்கு?" என்றேன்.

"இது என்னடி கேள்வி? புனே டவுனுக்கு."

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை லோக்கல் ரயிலில் ஏற்றி, "புனேவுக்குப் போறோம்" என்பார். சிவாஜிநகரில் இறங்கினாலும் புனேதான், கடைசி ஸ்டேஷனில் இறங்கினாலும் புனேதான். இதில் எது நடு என்று நாங்கள் யோசித்ததே இல்லை. நீயோ கோயிலைச் சுற்றித் தெருக்கள், அந்தத் தெருக்களைச் சுற்றி வேறு தெருக்கள் என்று வளர்ந்த ஊரிலிருந்து வந்தவள். "கண்ணைக் கட்டிவிட்டாலும் மதுரையில நடுவுக்கு வந்து நின்னுருவேன். நடு இல்லாத ஊரு என்னடி ஊரு? வெறும் ரோடு" என்று சொன்னாய்.

எனக்குக் கோபம் வந்தது. பிறந்த ஊரைச் சொன்னால் வராதா? "இருக்கு. காட்டுறேன், சல், வா" என்றேன். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின. என் ஸ்கூட்டர், பின்னால் நீ.

டெக்கன் பகுதி நடைபாதையில் துணி விற்ற அம்மாளிடம் புனேயின் நடு எது என்று கேட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டி, "காவாத் ஜா" என்றாள். கிராமத்துக்குள் போ! பழைய பேட்டைகளைத்தான் இங்கே பலரும் இன்னும் 'காவ்' என்கிறார்கள் என்று நான் விளக்கியபோது, ஊரின் நடுவுக்குக் கிராமம் என்றா பெயர் என்று ஸ்கூட்டர் ஆடும்படி சிரித்தாய். பழைய ராணுவப் பகுதியான கேம்ப்பில் பேக்கரிக்காரர், "சிட்டி அந்தப் பக்கம். இது கேம்ப்" என்று ஏதோ வேறு நாட்டைப்போலச் சொன்னார். லக்ஷ்மி ரோட்டில் பாத்திரக்கடைக்காரர் நாங்கள் வாகடிலிருந்து வருகிறோம் என்றதும், "அப்படியானால் புனே பார்க்க வந்தீர்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். லோஹேகாவ் விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர் ஒருவர், "கௌன்ஸா புனே?" என்றார். எந்தப் புனே! அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாய்.

எங்கே போனாலும் நீ முதலில் உட்கார இடம் தேடுவாய். பேருந்து நிறுத்தத் திண்டு, கடை மூடிய படி, மரத்தடிக் கல் எதிலாவது உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பாய். "இங்கன ஆகாது" என்று எழுந்துவிடுவாய். எதற்கு ஆகாது என்று நான் கேட்கவில்லை. விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் வங்கியின் பழைய நகரக் கிளைக்கு ஒரு வேலையாக என்னை அனுப்பினார்கள். முடித்துவிட்டு, பூ வாங்கலாம் என்று மண்டயிக்கு நடந்தேன். கோபுரம் வைத்த அந்தப் பழைய காய்கறிச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், 'அம்ருத்துல்யா' என்று பலகை வைத்த டீக்கடை பெஞ்சில், மடியில் லேப்டாப் பையோடு நீ உட்கார்ந்திருந்தாய். முற்பகல். அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரம். டீக்கடைக்காரர், "தாயீ, அஜூன் ஏக் சஹா?" என்று, அக்கா, இன்னொரு டீ வேண்டுமா எனக் கேட்ட விதத்திலேயே தெரிந்தது, நீ அங்கே இன்று புதிதாக வந்தவளில்லை.

என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஓடியதைப் பார்த்ததும் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு டீ வந்தது. கொத்தமல்லிக்கட்டு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று நம் முழங்காலை உரசிக்கொண்டு போனது. வெங்காய மூட்டைகளுக்கு மேல் யாரோ யாரையோ வைதார்கள்.

"கேக்க மாட்டேங்கிற பாரு, அதனால சொல்றேன்," என்றாய். "வேலை போயிருச்சுடி. தீபாவளிக்கு முன்னாடியே."

சங்கராந்தி முடிந்திருந்தது அப்போது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாய். பகலில் வீட்டில் இருக்க முடியவில்லை, பன்னிரண்டாவது மாடியில் சுவர் பேச ஆரம்பிக்கிறது. காபிக் கடையில் கோப்பை காலியானதும் வந்து நிற்கிறார்கள். பூங்காவை மதியம் பூட்டிவிடுகிறார்கள். எந்தக் கட்டட வாசலிலும், யார் வீட்டுக்கு, எதற்கு என்று கேள்வி. "எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்காத இடம் எதுவோ அதான்டி டவுன். நான் அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஒன்னைய வேற கூட்டிக்கிட்டு அலைஞ்சேன்."

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா அண்ணன் அடுத்த ரயில்ல வந்துருவான். பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவான், என்னையும் சேத்து."

"மதுரைதானே? உனக்குப் பிடிச்ச ஊர்தானே?"

நீ டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாய். பிறகு சொன்னதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஊரு பிடிக்கும். ஆனா அங்க நான் எங்க உக்காந்தாலும் இன்னார் மக, இன்னார் தங்கச்சி, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு வரும். அங்க நடு இருக்கு, எனக்கு இடம் இல்ல. இங்க நடுவே இல்லேன்னு நெனச்சேன். மண்டையிலதான் இருந்திருக்கு."

மராத்தியில் மண்டயி என்றால் சந்தை என்று உனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைசிவரை மண்டை என்றுதான் சொன்னாய். "இந்த ஊரோட ஒடம்பு வாகட், ஹிஞ்சவடின்னு எங்கெங்கயோ கெடக்கு. மண்டை இங்க இருக்கு." அப்போதும் சிரித்தாய். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாய்.

உன் வேலையும் அந்தப் பெஞ்சிலேயே வந்தது. அங்கே டீ குடிக்க வரும் புடவைக்கடை அம்மா, எல்லோருக்கும் காக்கூ, அதாவது சித்தி, ஒரு நாள் உன் லேப்டாப்பைப் பார்த்து, தன் புடவைகளைப் படம் பிடித்துக் கணினியில் விற்க முடியுமா என்று கேட்டாள். நீ அன்று மதியமே செய்துகாட்டினாய். மாதம் முடிவதற்குள் அவள் கடையில் உனக்கு ஒரு மேசை. மழைக்கு முன்னால் வாகடைக் காலிசெய்து, மண்டயிக்குப் பக்கத்துக் கஸ்பா பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடியறைக்கு வந்துவிட்டாய். படி குறுகல், குழாயில் தண்ணீர் காலையில் மட்டும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரு நேராக அறைக்குள் வந்தது. "இடிச்சுக்கிறதுக்குத்தான்டி டவுன். அடுக்குமாடியில யாரு யாரை இடிக்கிறா?" என்றாய். அம்மாவிடம் வேலை மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னாய். அது பொய்யும் இல்லை.

எனக்குத்தான் நீ இல்லாமல் வாகட் காலியானது. சனிக்கிழமைகளில் நான் வந்தேன். பாலத்திலும் பள்ளத்திலும் சிக்கி, வந்து சேர்வதற்குள் எரிச்சல் தலைக்கேறும். நீ படியிறங்கி வந்து, "என்ன தேஹு ரோடு, புனே பாக்க வந்தியா?" என்பாய்.

அந்த ஆகஸ்ட் மாதம் டீக்கடைக்காரர்தான் கூப்பிட்டார். தாயீக்கு உடம்பு சரியில்லை, வாருங்கள் என்றார். காய்ச்சல் என்று நீ சொல்லியிருந்தாய். மாத்திரை போட்டிருக்கிறேன் என்று அலட்டிக்கொள்ளாமல் போனை வைத்துவிட்டாய். நான் வாகடிலிருந்து கிளம்பி, கொட்டும் மழையில் பல்கலைக்கழகச் சந்திப்பில் அசையாத வண்டிகளுக்கு நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டு அழுதேன்.

நான் வருவதற்குள் அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காக்கூ உன் மாற்றுத்துணிப் பையோடு நின்றாள். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். உன் கீழ்வீட்டுக்காரர்கள், பூக்காரி ஒருத்தி, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் சிலர். நர்ஸ் வெளியே வந்து, சொந்தக்காரர் யார் என்று மராத்தியில் கேட்டாள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

டெங்கு. இரத்தத் தட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. உன் அண்ணன் வந்தபோது உனக்கு நினைவு இருந்தது, அடுத்த நாள் காலையில் நீயே இல்லை. லோஹேகாவிலிருந்து விமானத்தில் உன்னை எடுத்துப்போனார்கள். சரக்குப் பகுதி வாசல்வரை காக்கூவும் வந்தாள். உன் அண்ணன் என்னிடம் திரும்பித் திரும்பிக் கேட்டார், "இவங்கள்லாம் யாரு? இவங்கள்லாம் யாருங்க?"

அதற்குப் பிறகு மெட்ரோ வந்துவிட்டது. மண்டயிக்கு அடியிலேயே ஒரு நிலையம். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் நிலையம் வேறு ஒன்று, வரைபடத்தைப் பார்த்தால் அதுதான் நடு. அங்கே யாரும் நிற்பதில்லை, மாறி ஏறிப் போய்விடுகிறார்கள். வேலை இல்லாவிட்டாலும் நான் சில நாள் மண்டயியில் இறங்குகிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கால் துருதுருக்கிறது, போனை எடுக்கிறேன், எழுந்துவிடுகிறேன். உன்னைப்போல எனக்கு உட்காரத் தெரியவில்லை. வீடு வாங்க ராவேத்தா, பழைய ஊரா என்று கணவர் தினமும் கேட்கிறார். பழைய ஊர் என்றால் பள்ளி தூரம், வங்கி தூரம், தண்ணீர் இல்லை. ராவேத் என்றால், யோசிக்கும்போதே மூச்சு முட்டுகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ போன அடுத்த மாதம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. அழவில்லை. நான் யார், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்கள். பிறகு தயங்கி, "ஏம்மா, நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல. எம்புள்ள ஊருக்கு நடுவுல இருந்தாளா, இல்ல ஒதுக்குப்புறமாவா?" என்று கேட்டார்கள்.

புனேவுக்கு நடு உண்டா என்று உன்னோடு அத்தனை சனிக்கிழமை சண்டை போட்டவள் நான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நடுவுலதாம்மா இருந்தா," என்றேன். "நட்டநடுவுல."

அந்தப் பக்கம் அவர்கள் மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப சரி," என்றார்கள். "சுத்தி ஆள் இருந்திருக்கும்."