வெட்டி எடுத்த பூட்டு

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பைக்குள் எதையோ துழாவினேன். டிபன் டப்பாவுக்கு அடியில் உன் சிவப்புப் பூட்டு கையில் பட்டது. கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. அந்த வாடை வந்தால் எனக்கு அழுகை வருவதில்லை, வயிறு எரிகிறது.

மெஷினைப் பிரிக்கும்முன், உள்ளே கை இருக்கையில் யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி, மெயின் சுவிட்சில் அவனவன் பூட்டை மாட்டவேண்டும், மாட்டியவன் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது என்பது நம் வேலையில் சட்டம். நீ அதில் கறார். லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் குதித்த நாளில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மாட்னவன் நான், நான்தான் சார் எடுக்கணும்" என்றாய். அந்த ஆளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

கடைசி நாளில், தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினைப் பிரித்த வேலை முடியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தாய். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் நம் இருவரையும் உன் ஊர் வல்லம் வடகால் போகிற சாலையில் இறக்கிவிட்டது; அங்கிருந்துதான் நான் படப்பைக்குப் பஸ் மாறுவேன். டீக்கடைக்குப் பக்கத்தில் உன் பங்காளி அரிவாளோடு நின்றிருந்தான். அவன் நகர்த்திய எல்லைக்கல்லை நீ சர்வேயரைக் கூட்டிவந்து பழைய இடத்திலேயே நடவைத்தாய் அல்லவா, அதற்காக. பட்டப்பகலில் வெட்டினான். உயிர் அடங்கும்வரை உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மேனேஜர் உத்தரவு வாங்கி உன் பூட்டை வெட்டி எடுத்தார்கள். குப்பையில் போடப் போனதை நான் வாங்கிக்கொண்டேன்.

அவன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். அதே கடையில் டீ குடிக்கிறான். பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டு கடைக்காரரிடம் கதை பேசுகிறான். நீ இருந்தபோது ஒருநாள் பஸ்ஸில், எங்கோ நடந்த கொலையைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் தூக்கில் போடு என்று கத்தினார்கள். நீ மட்டும், "தொங்க வுட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். உசுரோட கெடந்து தெனம் நெனச்சிக்கினு கெடக்கட்டும்" என்றாய். பெரிய நியாயவான் நீ. இவன் எதை நினைக்கிறான்? சர்க்கரை போதுமா என்று நினைக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரஸ்ஸுக்குக் கீழே கிடத்தி நானே பொத்தானை அழுத்துவதாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் வெட்கமில்லை. உன் பேச்சு மட்டும் குறுக்கே வந்து நிற்கிறது. அதற்காக உன்மேலும் கோபம்.

நேற்று அவன் மாமா படப்பையில் என் வீடு தேடி வந்தார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு. நான் அதைக் கையில் வாங்கினால் சமாதானம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். சரியாகப் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். பிள்ளை குட்டிக்காரன் நீ, வேலைக்குப் போய்வருகிறவன் என்றும் மெதுவாகச் சொல்லிக்காட்டினார். என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அவள் பயந்திருந்தாள். நானும்தான்.

"போனவன் பூட்டான். நீ மன்னிச்சி வுட்டுரு தம்பி" என்றார்.

"மன்னிக்க வேண்டியவனத்தான் வெட்டிப்புட்டீங்களே. அவன் பூட்ட நான் எப்டி தொறக்கறது?"

அவருக்குப் புரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அடுத்த வாரம் காஞ்சிபுரம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்லவேண்டும். உன் சட்டையையும் அதன் பையில் இருந்த சாவியையும் காட்டி அடையாளம் கேட்பார்களாம். அவன் எதிரே நிற்பான். டீக்கடையில் செய்வதுபோல அவன் பார்வையைத் தவிர்க்கப் போவதில்லை. இது யார் சாவி என்று கேட்டால், என் பையில் இருக்கும் பூட்டை எடுத்து மேஜைமேல் வைப்பேன். உன்னை வெட்டியது யார் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவேன்.