கயாக்கை நம்பி வந்துவிடாதே

திகன,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் நிரோஷனுக்கு அம்மா எழுதுவது. முருகன் துணையில் நீ அந்த வெளிநாட்டுக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அப்படி எழுதிவிட்டால் மற்றது எதையும் எழுத முடியாது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். அப்பா போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறந்தாலே கண்ணால் அடக்குகிறார், தங்கச்சி சர்மிளாவின் போனில் பேசலாம் என்றால் அவள் அப்பா கட்சி. உன்னோடு படித்த ருஷ்தி உன் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறானாம், சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான், நல்ல பிள்ளை, அவன் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். கறித்தூளும் மாசிச் சம்பலும் கூட இருக்கிறது. சம்பலை அறையில் இருக்கிற எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறும் பாணைத் தின்றுகொண்டு இருக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, வைக்கமாட்டேன், சித்திரைக்கு ஊரோடு வந்துவிடுகிறேன், கயாக் படகில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் விக்டோரியா அணைத் தண்ணீரில் திலாப்பியா மீன் பிடிக்கிற தொழிலைத் தொடங்கப்போகிறேன் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா. மகன், கையெழுத்தை வை. வராதே. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ வேலை செய்த அந்த ஓட்டலை மூடும்போது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக உன் தலையில் கட்டிய மஞ்சள் கயாக்கை நீ தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே உன் கண்ணில் இந்த ஆசையைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் மீனுக்குப் பக்கத்தில் போகலாம் அம்மா, தண்ணிக்குள் நிற்கிற பட்ட மரங்களுக்கு நடுவில் வலைக்காரரின் தோணி போகாது, இது போகும், வெள்ளைக்காரர்கள் திலாப்பியாவைப் பிரீம் என்று பெயர் சொல்லி ஆசை ஆசையாகப் பிடிப்பார்கள் என்று நீ சொல்லச் சொல்ல நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை. ஏன் என்று கேள்.

முதலில் அந்தப் படங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா உனக்கு அனுப்புகிற திலாப்பியாவில் ஒன்றைக்கூட அவர் பிடிக்கவில்லை. எல்லாம் வத்தேகம சந்தையில் வாங்கியது. திகனயில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம், அதற்காகப் பஸ் ஏறி அங்கே போகிறார். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கிடக்கிற கயாக்கில் ஏறி உட்கார்ந்து, துடுப்பை மடியில் வைத்து, செத்த மீனின் வாயில் தூண்டில் முள்ளைக் கொளுவி, கோழிக்கூடு தெரியாம எடு புள்ள என்று சர்மிளாவை விட்டுப் படம் எடுப்பார். தண்ணீரே தெரியவில்லையே அப்பா என்று நீ ஒருமுறை கேட்டதற்குக் கரைக்கு வந்த பிறகு எடுத்தது என்று கூசாமல் சொன்னார். ஐஸில் கிடந்த மீனின் கண் வெளுத்துப் போயிருக்கும், இத்தனை வருடம் மீனோடு கிடந்தவன் நீ, எப்படித்தான் கவனிக்காமல் போனாயோ. நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். பென்ஷன் எடுத்த மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தேன். மீன் நன்றாகப் படுகிறது என்று தெரிந்தால்தான் பையன் திரும்பி வருவான் என்று அவர் கணக்குப் போட்டது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நீ நிஜமாகவே வருகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார், பிறகு வந்து திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்தார். புள்ள வந்து பாத்தா என்னான்னு நினைப்பான் லெச்சுமி, ஒரு மீனாவது நெசமா புடிச்சிறணும் என்றார். சரி, அதோடு விட்டாரா. நான் வேலை பாத்த மடுல்கெல்ல தேயிலை பெக்டரியில மெஷினைக் காக்குற ரோதமுனிச் சாமிக்குப் பூசை போடாம எந்த மெஷின் ஓடிச்சு, இதை மட்டும் சும்மா எறக்குறதா என்று தொடங்கிவிட்டார். ரோதை, சக்கரம் ஒன்றுமே இல்லாத சாமானுக்கு ரோதமுனி எதற்கு என்று கேட்டேன். பெண்டுகளுக்கு இதெல்லாம் தெரியாது என்றார். புது ஆட்டோவுக்குச் செய்வது போலவே மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, தேங்காய் உடைத்து, கயாக்கின் மூக்கில் வெற்றிலையை வைத்து அதன் மேல் கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். காற்றில் வெற்றிலை சுருண்டு கற்பூரம் பிளாஸ்டிக்கில் விழுந்தது. சாமியை அணைக்கக் கூடாது என்று அவர் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. நான் தண்ணீர் வாளியோடு ஓடிப்போவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு உருகி ஓட்டை விழுந்துவிட்டது. நான் சிரித்தேன், சிரித்ததற்கு இன்றைக்கும் என் மேல் கோபம். உடைந்த பிளாஸ்டிக் வாளி, பேசின்களை ஒட்டிக் கொடுக்கிற ரவிகுமார் வந்து பழைய எண்ணெய்க் கேனை உருக்கி அடைத்துவிட்டு, தண்ணியில மட்டும் எறக்கிறாதீங்க அண்ணே, கோழிக்குத் தீனி வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைக் கேட்கிற மனுசனா உன் அப்பா. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு லொறிக்காரனைப் பிடித்துக் கயாக்கை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வலை போடுகிற சிரிபால மாத்தையாவின் தோணிகள் கட்டிக் கிடக்கிற ஆழமான பக்கத்தில் இறக்கியிருக்கிறார். மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் குளித்ததைத் தவிர வேறு தண்ணீரைத் தெரியாத மலைநாட்டு மனுசன். உன் லைப் ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார், வயிறு இடம் கொடுக்காததால் பூட்டவில்லை. தூரத்தில் பட்ட மரம் வரைக்கும் எப்படியோ துடுப்பைப் போட்டுப் போய், ரொட்டி மாவைக் கொளுவித் தூண்டிலையும் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்குள் ஒட்டின இடம் விட்டு மூக்குப் பக்கமாகத் தண்ணீர் ஏறிவிட்டது. கவிழ்ந்ததில் ஜாக்கெட் தலைக்கு மேலால் கழன்று போய்விட்டது. சிரிபால மாத்தையா பார்த்திராவிட்டால் இந்தக் கடிதத்தை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன். பட்ட மரத்தின் கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினாராம், மற்றக் கையில் தூண்டிலை விடவே இல்லையாம். உனக்கென்ன பைத்தியமா என்று சிங்களத்தில் ஏசி ஏசித்தான் இழுத்து ஏற்றியிருக்கிறார், பிறகு அவரே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்னல் இல்லை என்று சர்மிளா உனக்கு மெசேஜ் போட்டாள் அல்லவா, சிக்னல் இருந்தது, அப்பா வார்ட்டில் இருந்தார். நெஞ்சில் சளி இன்னும் போகவில்லை, வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அடுத்த கிழமை அனுப்பிய படத்தை எடுத்துப் பார், மீனை இடக்கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆமாம், அதற்குப் பிறகும் வத்தேகமவுக்கு சர்மிளாவை அனுப்பி மீன் வாங்கினார். அவன்கிட்ட மட்டும் சொல்லிப்புடாத, வராம இருந்துருவான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

சிரிபால மாத்தையாவுக்கு நன்றி சொல்லப் போனபோது நீ கயாக் விட்ட குடாவை நானே போய்ப் பார்த்தேன். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது மகன், அவர் செய்த கூத்தை விடு, இடமாவது நல்லபடி இருக்குமோ என்று. ஓட்டலின் கல்படி இறங்கி இறங்கிச் சேற்றில் போய் முடிகிறது. நீ போன பிறகு பெய்த அந்தப் பெருமழையில் மலையிலிருந்து சரிந்த மண்ணெல்லாம் அங்கேதான் வந்து அடைந்திருக்கிறது, புல் முளைத்து மாடு மேய்கிறது. தண்ணீர் இருக்கிற இடத்திலும் செம்மண் கரைசல்தான். திலாப்பியா கரையோரமாகக் குழி பறித்து முட்டையிடுமாமே, அந்த இடமெல்லாம் மூடிப்போய்விட்டது, வலையில் படுகிறதும் விரல் நீளம்தான் என்று சிரிபால மாத்தையா சொன்னார். அவருடைய மகன்மாரே தோணியை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அனுமதி கொடுக்கிற ஆபீஸிலும் போய் விசாரித்தேன், உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்ற இப்போதைக்கு அனுமதி கிடையாது, எப்போது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாதம்மா என்று ஒரு ஐயா மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் இருந்த பெண் யார் செத்தது என்று கேட்டாள். நீ வந்தால் நீயும் அப்பாவோடு சேர்ந்து வத்தேகம சந்தையில் மீன் வாங்க வேண்டியதுதான்.

வேறு ஏதாவது செய்யலாம் என்பாய். நானும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கம் போனாலும் சுவரில் போய் முட்டுகிறது. உன்னோடு படித்த பையன்கள் யாரும் ஊரில் இல்லை, மிஞ்சியிருந்தவன் ருஷ்தி, அவனும் இதோ உன்னிடம் வருகிறான். உடைந்து கிடக்கிற கயாக்கைப் பற்றிக் கவலைப்படாதே, சிரிபால மாத்தையா அதைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார், யாருக்கும் வேண்டாம். அந்தக் குளிரில் தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே, வேலைக்குப் போகும்போது காலுறை இரண்டாகப் போடு. சர்மிளாவின் மேல் கோபப்படாதே, அவளுக்கு அண்ணன் வந்தால் போதும், வேறு ஒன்றும் விளங்காது.

ஒன்றே ஒன்று செய். இதைப் படித்ததும் கிழித்துவிடு, உனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. கம்பெனி விடவில்லை, பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது, என்ன செய்வது அப்பா என்று சொல். அவர் கம்பெனியை ஏசட்டும், நானும் கூடச் சேர்ந்து ஏசுகிறேன். தன்னால்தான் பையன் வரவில்லை என்று அந்த மனுசன் நினைக்கக் கூடாது, அதை அவர் தாங்கமாட்டார். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எப்போது வருகிறாய் மகன் என்று நானும் போனில் கேட்பேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போது கேட்காமல் இருக்க முடியாது. சில நேரம் அழுதுகொண்டும் கேட்பேன். அது நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுகைதான். அதைக் கேட்டு டிக்கெட் போட்டுவிடாதே.

கதிர்காமக் கந்தன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், இருக்கிற இடத்தில் நன்றாக இரு. கையெழுத்து வைக்கிற கடைசி நாளைத் தவறவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மோ. கஜலட்சுமி