பலீல் குவைத்திலிருந்து கேட்ட சொற்கள்

1990 பெப்ரவரி 12, திங்கள். யட்டவத்த

பலீலின் முதல் கடிதம். எங்கள் கலியாணம் முடிந்து நாற்பதாம் நாள் குவைத்துக்குப் போன மனுசன். படகு விடத் தெரியும் என்று ஏஜென்டிடம் பொய் சொல்லி, சின்னப் பாய்ப்படகுகள் விடும் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மிளகு லொறி ஓட்டியவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கடிதம் முழுக்க ஆங்கிலச் சொற்கள். "நீ இங்கிலீஷ் டீச்சர்தானே, கருத்து எழுதி அனுப்பு. தெரியாட்டி என்னைத் திருப்பி அனுப்பிருவானுகள்."

என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெப்ரவரி 17

மாத்தளை நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுதினேன்: மாஸ்ட் – பாய்மரம். டில்லர் – சுக்கானைத் திருப்பும் பிடி. வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். பூம் – பாயின் அடியில் உள்ள நீளக் கட்டை. படகு திரும்பும்போது தலையைக் குனியுங்கள். ஷீட் – பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. கை நொந்தால் மாட்டைக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டிவிடுங்கள் என்று நானாகச் சேர்த்தேன்.

ஏப்ரல் 3

படகு கவிழ்ந்துவிட்டதாம்! நான் சொன்ன முடிச்சால்தான். புத்தகத்தைத் திரும்பப் பார்த்தால் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது – கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும், காற்று பலமானால் உடனே தளர்த்த வேண்டும். அழுகையே வந்துவிட்டது. அவரோ, "டீச்சர்ட மாட்டு முடிச்சு என்னைக் கடல்ல குளிக்க வச்சிட்டுது" என்று எழுதியிருக்கிறார். முதலாளியும் சிரித்தாராம். நாலு தடவை வாசித்தேன்.

ஜூன் 21

இப்போது வாரம் ஒரு கடிதம். காற்றுக்கு நேரெதிரே பாய்ப்படகு போகாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்துதான் போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். "சரியாச் செஞ்சிட்டேன் றஹீமா. நீ பார்த்திருக்கோணும்." வகுப்பில் நின்றுகொண்டு தனியே சிரிக்கிறேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 2

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டது என்கிறது ரேடியோ. மாமி மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். எனக்கு அழவும் வரவில்லை.

ஆகஸ்ட் 28

தபால்காரர் இன்றும் கையை விரித்தார். இங்கே கிழக்கு மாகாணத்தில் நடக்கும் சண்டையிலிருந்தும் நல்ல செய்தி இல்லை. யா அல்லாஹ், வேறொன்றும் வேண்டாம், ஆளை மட்டும் தா.

செப்டம்பர் 9

இல்லை.

ஒக்டோபர் 4

ஜோர்தான் வழியாக வந்து சேர்ந்தார். மெலிந்து, ஒரேயொரு பையோடு. அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 19, வெள்ளி

கேட்டது கிடைத்தது, குறை சொல்லக் கூடாது. ஆனாலும் இரண்டு வாரமாக அவர் வாயிலிருந்து வந்தது சோறு, தேத்தண்ணி, மிளகு விலை. இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது நானே கேட்டேன். "அங்க காத்து எந்தப் பக்கத்தால அடிக்கும்?"

"இனி அதெல்லாம் என்னத்துக்கு?" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கடிதம் எழுதிய மனுசன் இன்னும் வந்து சேரவில்லை.