யாரால் நிமிர்த்த முடியும்?

ஐப்பசி, ஞாயிறு இரவு.

முன்பு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், எனக்கும் நைனாவுக்கும் ஒரே சைக்கிள்தான் கீது. சீட்டை யார் ஒசரத்துக்கு வக்கிறது?" கால் எட்டாதவர் உயரத்துக்கு என்றேன். வகுப்பே ஒப்புக்கொண்டது. இன்று படகு விற்பவன் ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு நசீரும் அவர் மகள் சபீனாவும் சேர்ந்து ஓட்ட, இருவர் போகும் சின்னப் பாய்மரப் படகு பார்க்கச் சென்னைக்குப் போனோம். நான் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று கடையில் நசீர் சொல்லிவைத்தார். பத்தாவது படிக்கும் அவள்தான் முதலில் பயிற்சிக்குப் போனவள். அவளைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். அவள் லேசான படகு ஒன்றைக் காட்டினாள். விற்பவன் கனமான ஒன்றைத் தட்டிக் காட்டி, "இது சீக்கிரத்துல கவுறாது சார். பாப்பா சும்மா குந்திக்கினு வரட்டும்" என்றான்.

"கவுந்துட்டா?" என்றேன்.

"அப்பா நிமித்துவாரு."

"அவருக்கே அடிபட்டுட்டா?"

"இன்னா சார், ரிட்டயர் ஆயும் பரீட்ச வக்கிறீங்க!"

நசீரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் இன்னும் எரிகிறது. அப்படி ஒரு நேரத்தில் அவரைக் கரைசேர்க்க வேண்டியவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளால் எதை நிமிர்த்த முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. "நீயே வாங்கி நீயே ஓட்டிக்கோ அத்தா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நாங்கள் வந்த வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா வாத்தியாரே, இதுக்கா கோவிச்சிக்கினு போறா?" என்கிறார் மனிதர்!

நசீர், முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு படகையும் இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்துப்போடுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சபீனா தனியாக எதை நிமிர்த்துகிறாளோ, அதை வாங்குங்கள்.