நஸீர் நானா நூக்காத மைக்

வத்தளை,
18.02.2024

அன்புள்ள நஸீர் நானாவுக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். போன் அடித்து அடித்துக் களைத்திருப்பீர்கள். எடுத்தாலும் கதைக்கக் குரல் இல்லை. தொண்டைக் கட்டியோடு குரல் நரம்பையும் எடுக்க வேண்டி வந்ததாம். இனி வெறும் காற்றுக் குரல்தான்.

பத்தொன்பது வயதில், பாண்டிருப்பில், உங்கள் மைக்கில்தான் முதல் பாட்டுப் பாடினேன். பிறகு லண்டன், கனடா என்று எத்தனை மேடை! பாட்டுக்கு வந்த சனத்துக்குத்தான் பிரசங்கமும் பண்ணினேன். பாடாத போதகர் எதற்கு நானா? சபைக்கு விலகல் கடிதம் அனுப்பிவிட்டேன். பெரிய வெள்ளிக் கூட்டத்துக்கு மைக் கட்ட வேண்டாம்.

உங்கள்,
குணம்


கல்முனை,
25.02.2024

தம்பி குணத்துக்கு,

ஹுஸ்னியாவும் மகள் நுஸ்ரத்தும் ஒங்களச் சுகம் கேட்டாங்க. நல்லாயிரிக்கு ஒங்கட கதை! முப்பது வருஷமா மைக் கட்டுறவன் நான். வேணுமா வேணாமா எண்டு நான்தான் சொல்லணும்.

ஒரு விஷயம் இருபத்தொரு வருஷமா வயித்துக்குள்ள வெச்சிரிக்கேன். கோவிக்காதீங்க. ஒங்கட கூட்டத்துல, பொழுதுபட மஃரிபுக்குப் பாங்கு கேட்டா நீங்க பாட்ட நிப்பாட்டுவீங்க. நான் சுவிச்ச அமத்தி மைக்க நூத்துட்டு, சவுண்ட் வானுக்குப் பின்னால தொழுதுட்டு வாற மட்டும் முழுக் கூட்டமும் காத்திரிக்கும். ஹுஸ்னியா நுஸ்ரத்தப் பெற ஆஸ்பத்திரியில கிடந்த அண்டைக்கும் அப்படித்தான். தாயா புள்ளையா எண்டு டொக்டர் கேட்டிரிந்தாரு. பதட்டத்துல மேடைப் பெட்டிய மட்டும் நூத்துட்டு, மைக்க மறந்துட்டுத் தொழப் போயிட்டேன். பாங்கு முடிஞ்ச பொறகு நீங்க முழங்கால்ல நிண்டு முணுமுணுத்தது வெளிய கட்டின ஹோன் ஸ்பீக்கர்லயெல்லாம் கேட்டிச்சு.

"ஆண்டவரே, ஹுஸ்னியாவையும் புள்ளையையும் நஸீர் நானாக்குக் குடுத்துருங்க."

பாட்டில்ல, ராகமில்ல. அழுது அடைச்ச குரல். தொழப் பள்ளிக்குப் போன எங்கட ஆக்களும் ரோட்டுல அப்படியே நிண்டுட்டாங்க. சுஜூதுல வெச்ச தலைய எனக்குத் தூக்க ஏலல்ல.

ஒங்களுக்கு வெக்கமாப் போயிரும் எண்டுதான் சொல்லல்ல. ஒங்கட பாட்டு எத்தனையோ கேட்டிரிக்கேன் தம்பி. மேலெல்லாம் புல்லரிச்சது அண்டைக்குத்தான். அந்தக் காத்து இன்னும் இரிக்கிதானே? பேசாம ஊருக்கு வாங்க.

துஆவோட,
நஸீர்


பாண்டிருப்பு,
30.03.2024

அன்புள்ள நானா,

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் அழுதுவிடுவேன்.

நேற்றுச் சனம் பாடியது. நான் மரமாக நின்றேன். பாங்கு கேட்டதும் பழக்கத்தில் கையை உயர்த்தினேன். கூட்டம் அடங்கியது. நீங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்து, பாங்கு முடியத் தொழப் போனீர்கள். முழங்காலில் நின்றேன். அப்போதுதான் மைக்கின் சின்ன விளக்கைக் கண்டேன். எரிந்துகொண்டிருந்தது.

அணைக்கக் கை நீட்டினேன். மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்கமாட்டேன். நான் அதை அணைக்கவில்லை. காற்றுக் குரலில் முதலில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். பிறகு சபையில் உள்ள நோயாளிகள் ஒவ்வொருவர் பெயராக. ஐந்நூறு பேர், ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. தொழுகைக்குப் போனவர்கள் ரோட்டில் சைக்கிளை நிறுத்தினார்கள். ஆண்டவரே, அது என்ன அமைதி! முப்பது வருஷம் பாடி அப்படியொன்றை நான் கேட்டதில்லை நானா. பயந்தே போனேன்.

விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். நாளை விடிய உயிர்ப்பு ஞாயிறு ஆராதனை. சுபஹு தொழுதுவிட்டு அவசரப்படாமல் ஆறுதலாக வாருங்கள், அதுவரை தொடங்கமாட்டோம்.

சுவிச்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உங்கள் தம்பி,
போதகர் குணம்